பழைய கிடங்கில் குடித்தனம் வேண்டும்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். பூட்டிக் கிடக்கும் பழைய துறைமுகக் கிடங்கைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. போன வாரம் அதன் சுவர்ப்பூச்சு பெயர்ந்து, நிழலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாளின் கூடையருகே விழுந்தது. மறுநாளே தடுப்பு கட்டி 'அபாயம்' என்று பலகை வைத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த அம்மாள் இப்போது வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சுவர் வயதாகிச் சாகவில்லை. மாடியின் மழைநீர்க் குழாய் அடைத்துப் பல வருடங்களாகின்றன. தேங்கிய நீரில் அரசங்கன்று முளைத்து, வேர் உத்திரம்வரை இறங்கிவிட்டது. போதாததற்கு, சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவருக்கு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைக்கும். கடல் உப்பும் அந்த ஈரமும் சேர்ந்து செங்கல்லை மாவாக்குகின்றன. இத்தனைக்கும் ஒரு குழாயைத் தூர்வார எத்தனை கையெழுத்து வேண்டும்?

துறைமுகப் பாலத்தில் இறங்கிய மூட்டைகளை என் அப்பா அந்தக் கிடங்குக்குத்தான் சுமந்தார். 2022 மார்ச்சில் பாலத்தின் ஒரு பகுதி கடலில் இடிந்து விழுந்த அன்று அவர் சாப்பிடவில்லை. கிடங்கையும் அப்படிப் பறிகொடுக்க எங்களுக்கு மனமில்லை.

இடிக்காதீர்கள். அதில் மக்கள் குடியிருக்கட்டும்.

முடியாததைக் கேட்கவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரில், கடற்படைக்கு ரொட்டியும் பீரும் இறைச்சியும் சேர்த்துவைக்க 1826 முதல் 1831 வரை கட்டிய ராயல் வில்லியம் யார்டைக் கடற்படை 1992-இல் கைவிட்டது. இன்று அந்தச் சுண்ணாம்புக்கல் கட்டடங்களில் குடும்பங்கள் வாழ்கின்றன. கீழ்த்தளங்களில் உணவகங்கள், பக்கத்தில் அலுவலகங்கள். இரவில் விளக்கெரியும் வீட்டில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் இடிந்த பிறகுதான் தெரியும்.

பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றமான நம் மேரி கட்டடம் 2014 மழையில் சரிந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் எழுந்து 2021-இல்தான் திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய செங்கல் போனது போனதுதான். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளோ ஒவ்வொன்றாக விடுதிகளாகின்றன. சனி, ஞாயிறில் கூட்டம். செவ்வாய்க்கிழமை தெருவில் ஒரு கோலம்கூட இல்லை. கிடங்கும் இன்னொரு விடுதியாகத்தான் வேண்டுமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். மேலே நியாயமான வாடகையில் வீடுகள், கீழே கடைகள், வாசலோரம் மீன்கார அம்மாக்களுக்கு நிழல்: இப்படி ஒரு திட்டத்தைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், ஐப்பசி மழைக்குள் அந்த அரசங்கன்றையாவது வேரோடு எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வம்பாக்கீரப்பாளையம் வாசி ஒருவன்