ஒரே சட்டியில் கோழியும் பாஸ்தாவும்: லீட்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ கேட்டதற்கு வாட்ஸாப்பிலேயே பேசி அனுப்பியிருப்பேன். ஆனால் நீ பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து வந்து, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்று, என் பேச்சை முன்னும் பின்னும் தள்ளிக் கேட்டுக்கொண்டிருப்பாய். எழுதிக் கொடுத்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

நீ கேட்டது அந்த வெள்ளை பாஸ்தா. கோழி போட்டு, க்ரீம் ஊற்றி, ஒரே சட்டியில் இறக்குவது. நான் லீவுக்குத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் உனக்கும் தம்பிக்கும் செய்து கொடுத்தேனே, அதுதான். அதை நான் எந்த ஹோட்டலிலும் படிக்கவில்லை. கப்பல் சமையல் வேலை கற்றுக் கொடுத்தது. கடல் கொந்தளிக்கும் நாளில் பெரிய பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாது. கப்பல் சாய்ந்தால் அத்தனையும் சமையல்காரன் காலில்தான் வந்து விழும். பிரான்ஸ், ஸ்பெயின் ஓரத்துப் பிஸ்கே வளைகுடாப் பக்கம் குளிர்காலத்தில் போகும்போது அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பைப் பூட்டிவிடுவோம், பானை நகராமல் இருக்க. எண்ணெயில் பொரிப்பது அன்றைக்குக் கிடையாது. சூப்பும் கிடையாது. மேசை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டால்தான் தட்டு வழுக்காமல் உட்காரும். அப்படிப்பட்ட நாளில் இருபது பேருக்குச் சூடாக ஏதாவது போட வேண்டுமென்றால், பாதிக்கு மேல் நிறையாத ஆழமான சட்டி ஒன்று, மூடி ஒன்று, வடிகட்டுகிற வேலையே இல்லாத சமையல் ஒன்று. அவ்வளவுதான் வழி.

ஆகவே இதைச் சோம்பேறிச் சமையல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இதில் சூட்சுமமே தண்ணீர்தான். பாஸ்தாவை வழக்கமாக வேகவைக்க 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது இத்தாலிக்காரர்கள் கணக்கு. வெந்ததும் வடித்துக் கொட்டிவிடுவார்கள். நாம் 200 கிராமுக்கு 600 மில்லிதான் வைக்கிறோம், ஒரு சொட்டும் கொட்டுவதில்லை. பாஸ்தாவிலிருந்து இறங்குகிற மாவுச்சத்து முழுக்க அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே தங்கி, நம் வீட்டு வடிகஞ்சி மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். க்ரீமில் இருக்கிற கொழுப்பைத் தனியாகப் பிரிய விடாமல் பிடித்துவைப்பது அந்தக் கஞ்சிதான். மைதா கரைத்து ஊற்றவே வேண்டாம். இது மனதில் நின்றுவிட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

இதை இத்தாலியச் சாப்பாடு என்று உன் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிடாதே. இத்தாலியில் பாஸ்தாவோடு கோழியைச் சேர்ப்பது அபூர்வம். கார்போனாரா என்கிற பாஸ்தாவில்கூட முட்டையும் பெக்கோரினோ சீஸும் பன்றிக் கன்னக் கொழுப்பும்தான், க்ரீம் கிடையாது. ரோமில் அல்ஃபிரெடோ டி லெலியோ என்கிற உணவகக்காரர் செய்த ஃபெட்டுச்சினி என்கிற பட்டைப் பாஸ்தாவிலும் வெண்ணெயும் பார்மசான் சீஸும் மட்டும்தான். அது அமெரிக்காவுக்குப் போனபிறகு க்ரீம் சேர்ந்தது, அப்புறம் கோழி சேர்ந்தது. எங்கள் கப்பலில் ஓர் இத்தாலிய செகண்ட் எஞ்சினியர் இருந்தார். நான் இதைச் செய்கிற அன்றைக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ராத்திரி வந்து தனக்கென்று பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்டு ஸ்பெகட்டி செய்து, தானே பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஃபிலிப்பைன்ஸ் பையன்களும் நம் ஊர்க்காரர்களும் சட்டியை வழித்துவிடுவார்கள்.

சரி, வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். இது உனக்கு மூன்று வேளைக்கு வரும். பாஸ்தா 200 கிராம், பென்னேயோ ஃபுஸிலியோ, குட்டையாக இருக்க வேண்டும். ஸ்பெகட்டி வேண்டாம்; தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு பாதி வெந்தும் வேகாமலும் நிற்கும். எலும்பில்லாத கோழித்தொடை 350 கிராம். நெஞ்சுக்கறி வாங்காதே, நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தச் சமையலில் அது சக்கை மாதிரி ஆகிவிடும். ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு சிக்கன் ஸ்டாக் கியூப் (வெந்நீரில் கரைக்கிற கோழிச்சாறுக் கட்டி), இரண்டு கை கீரை (அங்கே பையில் வரும் ஸ்பினாச்), அரை எலுமிச்சை. பார்மசான் கட்டியாக வாங்கி நீயே 30 கிராம் துருவிக்கொள். துருவிப் பையில் போட்டு விற்கும் சில சீஸ்களில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். சாஸில் மணல் மாதிரி நெறுநெறுக்கும்.

க்ரீம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. நீ இருக்கிற நாட்டில் சிங்கிள் க்ரீம், டபுள் க்ரீம் என்று இரண்டு இருக்கும். சிங்கிளில் கொழுப்பு சுமார் 18 சதவீதம், டபுளில் சுமார் 48. நம் ஊரில் அட்டைப்பெட்டியில் வரும் அமுல் ஃப்ரெஷ் க்ரீம் 25. கொழுப்பு குறையக் குறைய, கொதியிலோ எலுமிச்சைப் புளிப்பிலோ சட்டென்று திரிந்துவிடும். டபுள் க்ரீம் எதையும் தாங்கும். 150 மில்லி சின்ன டப்பா கிடைக்கும், அதில் 100 மில்லி இதற்குப் போதும். மீதியைக் காபியில் ஊற்றிக் குடி, ஒல்லியாகப் போய்விட்டாய் என்று அம்மா புலம்புகிறாள்.

அடுத்தது அம்மாவோடு உனக்குச் சண்டை வரப்போகிற இடம். கோழியைக் கழுவாதே. மஞ்சள், உப்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசினால்தான் அவளுக்கு மனம் ஆறும், தெரியும். ஆனால் பச்சைக் கோழியில் கேம்பிலோபாக்டர் என்கிற கிருமி இருக்கும். குழாயடியில் பிடித்தால் அது தண்ணீரோடு தெறித்து சிங்க், மேடை, பக்கத்தில் காய்கிற தட்டு எல்லாவற்றிலும் போய் உட்காரும். உங்கள் பிரிட்டன் உணவுத் தரத் துறையே 2014-இல் கோழியைக் கழுவாதீர்கள் என்று தனியாகப் பிரச்சாரம் செய்தது. நர்ஸுக்கு நான் கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேகவைப்பதில்தான் அது சாகும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள், துண்டின் நடுவில் 75 டிகிரி காட்டினால் போதும். உறைந்த கோழியாக இருந்தால் முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போ. வெளியே மேடையில் வைத்து உருகவிடாதே.

கழுவுவதற்குப் பதிலாக, பேப்பர் டவலால் ஒவ்வொரு துண்டையும் நன்றாக ஒற்றி ஈரத்தை எடு. ஈரம் இருந்தால் கோழி வதங்காது, அவிந்துபோகும். இரண்டு விரல் அகலத் துண்டாக நறுக்கி உப்பும் மிளகுத்தூளும் பிரட்டிவை. அடி கனமான, அகலமான, மூடியுள்ள சட்டியை அடுப்பில் வைத்து நன்றாகச் சூடேற்று. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பு. இடமில்லை என்றால் இரண்டு தடவையாகச் செய்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். போட்டவுடன் துண்டு சட்டியைப் பிடித்துக்கொள்ளும்; புரட்டிப் பார்த்தால் பிய்ந்துகொண்டு வரும். மூன்று நான்கு நிமிடம் விட்டால் சடசட சத்தம் கொஞ்சம் அடங்கும், ஓரம் வெளுத்து மேலேறும், அடி பொன்னிறமானதும் அதுவாகவே விட்டுக்கொடுக்கும். அப்போது புரட்டு. மறுபக்கம் ஒரு நிமிடம் போதும், உள்ளே வேகாவிட்டால் கவலையில்லை. எடுத்து ஒரு தட்டில் வை. சட்டியின் அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதைக் கருகல் என்று நினைத்துச் சுரண்டிக் கொட்டிவிடாதே. சாப்பாட்டின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. புகை வரும், அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைப் போட்டு ஜன்னலைத் திற. புகை அலாரத்தைத் துணி போட்டு மூடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

தீயைக் குறைத்து ஒரு துண்டு வெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம். அது கண்ணாடி மாதிரி ஆனதும் பூண்டு, அரை நிமிடம். ஸ்டாக் கியூபைக் கரைத்த 600 மில்லி வெந்நீரை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைத் தேய். பிடித்திருந்த பழுப்பெல்லாம் கரைந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். கியூபிலேயே உப்பு இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. ஆகவே உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்தாவைப் போட்டு, எல்லாம் தண்ணீருக்குள் அமுங்கும்படி தட்டிவிடு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடியைக் கொஞ்சம் சாய்த்து வை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளறு, குறிப்பாக முதல் நாலைந்து நிமிடம். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடிப்பிடிக்கும். கோழியைத் தட்டில் ஊறிய சாறோடு சேர்த்து, பாஸ்தா பாதி வெந்ததும் திருப்பிப் போடு. பாக்கெட்டில் பதினொரு நிமிடம் என்று இருந்தால் ஒன்பதாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும், பல்லில் லேசாகத் தட்ட வேண்டும். அதுதான் பதம், மீதியைச் சட்டிச் சூடு பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடியில் ஒரு கரண்டி அளவு கொழகொழப்பான தண்ணீர் நிற்க வேண்டும். அதிகம் இருந்தால் மூடியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் தீயைக் கூட்டு. வற்றிப்போயிருந்தால் கெட்டிலில் இருந்து கொஞ்சம் வெந்நீர். கெட்டில் எப்போதும் பக்கத்தில் சூடாக இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் விடாதே.

உன் வீட்டில் இருப்பது கண்ணாடித் தட்டு மின் அடுப்பு என்றாய். எங்கள் கப்பலிலும் மின்சாரத் தட்டுதான், காஸ் கிடையாது. அதன் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். அணைத்தாலும் சூடு போகாது. ஆகவே அணைத்தால் மட்டும் போதாது, சட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடு. கீரையைப் போட்டுக் கிளறு, அந்தச் சூட்டிலேயே சுருண்டுவிடும். கொதி முழுக்க அடங்கியதும் க்ரீம். அப்புறம் சீஸ், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். கொதிக்கும்போது கொட்டினால் திரண்டு கரண்டியில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக எலுமிச்சை பிழிந்து, உப்பு பார். சட்டியில் பார்க்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தட்டில் போட்டு நீ உட்காருவதற்குள் இறுகிவிடும்.

கரம் மசாலா ஒரு சிட்டிகை போடச் சொல் என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள். போடாதே. போட்டால் அது வேறு சாப்பாடு, அதற்குச் சோறுதான் சரி. காரம் வேண்டுமானால் மிளகை ஒன்றிரண்டாக இடித்துத் தூவு. போன முறை கிளம்பும்போது உன் பெட்டியில் குற்றாலத்து ஜாதிக்காய் இரண்டு வைத்தோமே, அது இன்னும் இருக்கிறதா? சீஸ் துருவியிலேயே நாலு இழுப்பு இழுத்துக் க்ரீமோடு சேர். ஐரோப்பாவில் வெள்ளை சாஸ் என்றால் பெரும்பாலும் அது இருக்கும். அதிகமானால் மருந்துக் கடை வாசனை வந்துவிடும், பார்த்துக்கொள்.

மீதியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. அகலமான டப்பாவில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை. இரண்டு நாளைக்குள் சாப்பிட்டுவிடு. ஃப்ரீஸரில் வைக்க நினைக்காதே, பாஸ்தா குழைந்துபோகும், க்ரீம் பிரிந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் சாஸையெல்லாம் பாஸ்தா குடித்து, கட்டியாக இருக்கும். பயப்படாதே. இரண்டு மூன்று கரண்டி பால் விட்டு மைக்ரோவேவில் நடுவில் ஒரு முறை கிளறிச் சூடாக்கினால் பழையபடி இளகிவிடும். ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும், வெதுவெதுப்போடு எடுத்துவிடாதே. வார்டில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காத நாளில் ஸ்பூனாலேயே சாப்பிட்டுவிடலாம்.

உன் வீட்டில் கறி சாப்பிடாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே. அவளுக்கும் சேர்த்துச் செய்கிற அன்றைக்குக் கோழிக்குப் பதில் காளான் 250 கிராம். உப்புப் போடாமல், காளான் விடுகிற தண்ணீர் சுண்டி, ஓரம் சிவக்கும்வரை வதக்கு. கியூப் காய்கறி கியூபாக இருக்கட்டும். ஒன்று கவனம்: உண்மையான பார்மசானுக்குக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் என்கிற உறைபொருள் வைத்துத்தான் பாலை உறையவைப்பார்கள், அவள் சாப்பிடமாட்டாள். அதே மாதிரி இருக்கும் சைவச் சீஸ் அங்கே கடைகளில் உண்டு. அட்டையில் வெஜிடேரியன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அடி கனமான சட்டி உன்னிடம் இல்லையென்றால் இந்த மாதமே வாங்கிவிடு, 24 சென்டிமீட்டர் அகலம் போதும். மெல்லிய அலுமினியத்தில் இதைச் செய்ய முயலாதே. பணம் வேண்டுமானால் சொல், தம்பியை விட்டு அனுப்பச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்ததும் கூப்பிடு. சாஸ் தளர்வாக வந்ததா, இறுகிப்போனதா என்று போட்டோவோடு சொல். தண்ணீரைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா