ஏரி நீர்ப் பதிவுப் பணி: 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழவேற்காடு ஏரியில் மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் வேலை இந்த ஆண்டும் நடந்தது. முகத்துவாரம், படகுத்துறை, பக்கிங்காம் கால்வாய், ஆரணி ஆறு ஏரியில் விழும் இடம் என்று பழைய இடங்களையே வைத்துக்கொண்டோம். நேரமும் விடியற்காலைதான். தூக்கம் கெடுவதாகச் சிலருக்கு வருத்தம். ஆனால் பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியும் வேளையில்தான் அது ஆகக் குறைவாக இருக்கும். மீன் பிழைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. நடுப்பகலில் போய் அளந்தால் எந்த ஏரியும் நல்ல ஏரிதான்.

சீசாவில் பிடித்த தண்ணீரில் சோதனை மருந்து விட்டதும் பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகப் படிந்தால் இல்லை. ஆகஸ்டில் ஒரு காலை கால்வாய்த் தண்ணீர் ஏறக்குறைய வெள்ளையாகவே படிந்தது. அந்தச் சீசாவைப் பார்த்த பிறகு விடியற்காலை பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்தபோது உப்பு ஏறியது. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு கடல்நீரின் அளவான ஆயிரத்துக்கு 35ஐத் தாண்டி நின்றது. இறால் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு அதைக் குறித்த பதிவு நோட்டைக் காட்டலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது படகு இறக்க முடியவில்லை. அந்த மாதப் பதிவு இல்லை. முன்பின் மாதங்களின் சராசரியைப் போட்டுவிடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். செயற்குழு ஒப்பவில்லை. வெள்ளம் வந்த மாதத்துக்கு ஏது சராசரி? கட்டம் காலியாகவே இருக்கும்.

அதே மாதம் எண்ணூரில் எண்ணெய் கலந்தபோது, நம் ஏரி தப்பித்ததா என்று பலர் கேட்டார்கள். எண்ணெயை அளக்க நம் சோதனைப் பெட்டியில் வழியில்லை. நம் பதிவைக் காட்டி “ஏரி சுத்தம்” என்று யாரும் நோட்டீஸ் அடிக்க வேண்டாம்.

நமக்குள்ள பெரிய குறை மேற்கே இருக்கிறது. ஆரணி ஆறு ஆந்திர மலையில் பிறந்து, பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் தாண்டி வருகிறது. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் அந்த வழியில் சேர்ந்து வருகின்றன. நாமோ ஆறு முடியும் இடத்தில் மட்டும் நிற்கிறோம். எது எங்கே சேர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எனவே பெரியபாளையத்தில், உரத்தாலும் சாக்கடையாலும் தண்ணீரில் கூடும் நைட்ரேட்டைப் பார்க்க ஓரிடம் தொடங்கத் தீர்மானம் வைக்கிறோம். அந்தப் பக்கம் குடியிருக்கும் இரண்டு பேர் வேண்டும். பைக் இருந்தால் நல்லது.

சோதனை மருந்து விலை ஏறிவிட்டது. அந்தக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்