ஏ.பி.ஏ. முதுகலைக்கு விண்ணப்பிக்கும் தெரபிஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழர்களே,

ஆட்டிசம் மையங்களில் வேலை பார்த்துக்கொண்டே ஏ.பி.ஏ. எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் அமெரிக்க முதுகலைக்குத் தயாராகும் உங்களுக்கு, மேற்பார்வைப் பணியில் இருக்கும் நாங்கள் எழுதுவது. கட்டணம் கட்டும் முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகலை முடித்த நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான பி.சி.பி.ஏ. சான்றிதழை வழங்கும் அமெரிக்காவின் பி.ஏ.சி.பி. வாரியம், 2023 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் இல்லை. வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் படித்தால் பட்டம் கிடைக்கும். ஊரிலிருந்தே அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு இது தெரியவருவது பெரிய கொடுமை. ஊரில்தான் பணி என்று முடிவு செய்தவர்கள் இதே துறையில் சான்றிதழ் தரும் ஐ.பி.ஏ.ஓ., கியூ.ஏ.பி.ஏ. என்ற வேறு அமைப்புகளின் விதிகளை முதலில் படியுங்கள்.

மேற்பார்வையின் கீழ் நேரடித் தெரபி செய்பவர்களுக்கு இதே வாரியம் தரும் ஆர்.பி.டி. சான்றிதழுக்கும் இதே வசிப்பிட விதிதான். 40 மணி நேரப் பயிற்சிச் சான்று மட்டும் ஒருவரை ஆர்.பி.டி. ஆக்காது, திறன் மதிப்பீடும் தேர்வும் பாக்கி இருக்கின்றன. அதை மட்டும் வைத்துப் பயோடேட்டாவில் ஆர்.பி.டி. என்று போட்டுக்கொள்ளாதீர்கள். வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் சேர்க்கைக் குழு ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடும்.

நேரில் போய்ப் படிப்பவர்களைத் தடுக்கிவிடுவது பாடங்கள் அல்ல, பி.சி.பி.ஏ. சான்றிதழுக்கு வேண்டிய கள அனுபவ மணிக்கணக்கு. வழக்கமான வழியில் 2,000 மணி, செறிவான வழியில் 1,500. மாதம் 20 மணிக்குக் குறைந்தால் அந்த மாதம் சேராது. மாத உச்சவரம்புக்கு மேல் செய்தால் மிகுதி சேராது. ஆக, எவ்வளவு ஓடினாலும் சில மாதங்களில் முடித்துவிட முடியாது. செறிவான வழி குறுக்குவழியாகத் தெரியும். ஆனால் அதில் மேற்பார்வை 10 சதவீதம், அதாவது 150 மணி. வழக்கமான வழியில் 5 சதவீதம், 100 மணிதான். மேற்பார்வைக்குத் தனிக் கட்டணம் என்றால் இந்த 50 மணி வித்தியாசம் பர்ஸைக் கடிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மொத்த மணியில் குறைந்தது 60 சதவீதம் நேரடித் தெரபி அல்லாத வேலையாக இருக்க வேண்டும் என்பது: மதிப்பீடு, திட்டம் எழுதுவது, நடத்தைத் தரவின் வரைபடம் பார்த்து முடிவெடுப்பது, பெற்றோருக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தருவது. மையங்களுக்கோ குழந்தையோடு உட்காரும் நேரம்தான் வருமானம். அதனால் 1,200 மணி நேரடி வேலை செய்து களைத்தவர்கள்கூட, 2,000 கணக்கில் அதில் 800 மட்டுமே செல்லும் என்று கடைசியில் கண்டு திகைக்கிறார்கள். பாடநெறி தொடங்கும் முன் செய்த மணி சேராது. மேற்பார்வை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்ததும் சேராது. மாதாந்திரப் படிவத்தில் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட மாதங்களைத் திரும்பப் பெற வழியில்லை.

இதோடு விசாவைச் சேர்த்துப் பாருங்கள். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் வளாகத்துக்கு வெளியே களப்பணி செய்ய, சி.பி.டி. எனப்படும் படிப்புக்காலப் பயிற்சி அனுமதி வேண்டும். தொடக்கத்திலேயே களப்பயிற்சி கட்டாயம் என்று பாடத்திட்டம் சொன்னாலொழிய, பொதுவாக ஒரு கல்வியாண்டு கழிந்த பிறகே அது கிடைக்கும். முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால், படித்து முடித்ததும் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி போய்விடும். ஆகவே துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். களப்பயிற்சி பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, இடத்தைத் துறை ஏற்பாடு செய்யுமா, மேற்பார்வை கல்விக் கட்டணத்தில் அடங்குமா, எந்தப் பருவத்தில் தொடங்கலாம்? மூன்றாண்டு இளங்கலை மட்டும் உள்ளவர்கள் அது ஏற்கப்படுமா என்றும் கேளுங்கள்.

பி.சி.பி.ஏ. தேர்வில் பல்கலைக்கழகவாரியான தேர்ச்சி விகிதத்தை வாரியம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் முதன்முறை எழுதியவர்களில் ஒட்டுமொத்தமாகப் பாதிக்குச் சற்று அதிகமானோரே தேறியிருக்கிறார்கள். சதவீதத்தோடு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேரும், முந்நூறு பேரில் இருநூற்றெழுபது பேரும் ஒன்றல்ல.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் குழந்தைகள் மீதுள்ள அன்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதாதீர்கள். 1968இல் பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் இத்துறைக்கு வகுத்த ஏழு பரிமாணங்களைப் படித்தவர்கள்தான் அதை வாசிக்கப்போகிறார்கள். ஒரே ஒரு நடத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் பணி கொடுத்ததும் குழந்தை தலையை மோதுகிறது என்றால், எதை ஒரு முறை என்று எண்ணினீர்கள், தலையீட்டுக்கு முன் எண் என்ன, பணியிலிருந்து தப்பிக்கத்தான் என்று எதை வைத்துச் சொன்னீர்கள், இடைவேளை கேட்கக் கற்றுக்கொடுத்த பிறகு எண் எங்கே போனது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். பலிக்காததை மறைக்காதவர்களைத்தான் அவர்கள் நம்புவார்கள். குழந்தையின் பெயர், படம், மையத்தின் பெயர் எதுவும் வரக்கூடாது. அறநெறி மீறல் ஒன்றே விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் போதும்.

பரிந்துரைக் கடிதத்தை, பெரிய பதவியில் இருந்தும் உங்கள் அமர்வைப் பார்த்திராதவரைவிட, உங்கள் டேட்டா தாளைத் திருத்திய மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நோக்க அறிக்கையின் வரைவையும் ஒரு வரைபடத்தையும் கூடவே கொடுங்கள்.

தோழமையுடன்,
மேற்பார்வையாளர்கள் சிலர்