அண்ணாவி இல்லாத ஆடி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ அந்தப் பக்கம் பேச்சில்லாமல் நின்றுவிடுகிறாய், இந்தப் பக்கம் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் தாளில் எழுதி, தம்பியைப் படம் பிடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்தைத் திட்டாமல் படி.

நம் கணியான் கூத்துச் செட்டின் தலைமைப் பாட்டுக்காரர், நம் அண்ணாவி, போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நல்லபடியாக அனுப்பிவைத்தோம். அம்பாசமுத்திரம், கடையம், நாங்குநேரி என்று எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள், நையாண்டி மேளக்காரர்கள், கரகம் எடுக்கிற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கோயில் கொடை விழாவில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று மேளக்காரர்களோடு அவர் போடாத சண்டையா? அவரோடு அதிகம் மல்லுக்கு நின்ற நாயனக்காரர்தான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சாமி வந்து ஆடுகிற நம் ஊர்க் கோமரத்தாடி, "நான் இத்தனை வருஷம் ஆடினது சாமி வந்தா, இவர் பாட்டு வந்தா, தெரியலையே" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டும்போது அவர் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே தழும்பு மேல் தழும்பு. நடுராத்திரிச் சாமக்கொடையில் சுடலைமாடனுக்கு ரத்தம் கலந்த சோற்றுத் திரளை கொடுக்க வெட்டிக்கொண்ட கை. உயிரோடு இருந்தவரை அதை யாருக்கும் காட்டிப் பெருமை பேசியதில்லை, அனுதாபமும் கேட்டதில்லை.

நம் கூத்துப் பறையான மகுடத்தை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. சாமி முன்னால் அடிக்கிறதைச் சாவு வீட்டில் எப்படி அடிக்க என்று சிலர். உள்ளே இருந்து அத்தை வந்தாள். "அவருக்கு அடிக்காம யாருக்கு அடிக்கப் போறீங்க, எடுங்கலே" என்றாள். அப்புறம் என்ன, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினோம். கீழ்ச்சுருதி மந்த மகுடம் எனக்கு, மேல்சுருதி உச்ச மகுடம் உன் சித்தப்பாவுக்கு. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் கைலியை மடித்துக் கட்டி, காலில் சலங்கையை மட்டும் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தலை நரைத்தவர்களும் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பையன்களும் இருந்தார்கள். சுற்றித் திரும்புகிற இடம் வந்ததும் அத்தனை பேர் கையும் தோளுக்குப் போனது, இல்லாத முந்தானையைச் சரிசெய்ய. அவர் பெண் வேஷம் கட்டிய காலத்தில் தானாகச் சேர்த்துக்கொண்ட அடவு அது. வேறு எந்தச் செட்டிலும் கிடையாது. எய்யா, எனக்குக் கை ஓடவில்லை. சித்தப்பாதான் அடித்துச் சமாளித்தான்.

உனக்கு முதலில் ஜால்ராவைத்தான் கொடுத்தார். ஒரு கொடைக்காலம் முழுக்க அதுதான். வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்வாய். காது நிற்காதவனுக்குக் கால் நிற்காது என்பது அவர் கணக்கு. சேலை கட்டுகிறாய் என்று கூடப் படித்த பையன்கள் கேலி செய்து, நீ இனி ஆட மாட்டேன் என்று நின்றபோது அவர் உனக்குப் புத்தி சொல்லவில்லை. அன்று ராத்திரி அந்த வயதில் தானே சேலை கட்டி, கொண்டை போட்டு ஆடினார். மறுநாள் நீயாகப் போய்ச் சலங்கையை எடுத்தாய்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஆடிக்கும் ஆவணிக்கும் அச்சாரம் வாங்கியாகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் பின்பாட்டுப் பாடிய அவர் இளைய மகன்தான் அண்ணாவியாக நிற்கப் போகிறான். குரல் இருக்கிறது. கைலாயத்தில் பார்வதி ஏந்திய விளக்குச் சுடரில் சுடலை பிறந்தது, சுடுகாட்டில் பிணம் தின்றது, பூமிக்கு இறங்கியது வரைக்கும் தங்குதடை இல்லாமல் பாடுகிறான். காளிப்புலையன் கதையில்தான் தடுமாறுகிறான். காளிப்புலையனின் மகள் மாவிசக்கியைச் சுடலை பலி கேட்கிற இடம் வந்தால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தப் பகுதி.

அவனைக் குறை சொல்லி என்ன? கொடைக்காரர்கள் இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கதையைச் சுருக்கு, சினிமாப் பாட்டுக்கு ரெண்டு ஆட்டம் போடு என்கிறார்கள். முழுசாகக் கேட்க அவனுக்கு வாய்ப்பே வரவில்லை. அண்ணாவியின் நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடி மட்டும் இருக்கிறது. மிச்சம் அவர் வாயில் இருந்தது.

நீ மஸ்கட் போவதற்கு முந்தின ஆவணியில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கொடை. மழையில் கரண்ட் போய் மைக் செட் நின்றுவிட்டது. சினிமாப் பாட்டுக் கேட்க ஆளில்லை. அண்ணாவி பந்தலுக்குள்ளேயே விடிய விடிய முழுக்கதையும் பாடினார். நீ போனில் ரிக்கார்டிங்கை ஓடவிட்டு, ஜால்ராப் பெட்டி மேல் வைத்துவிட்டு ஆடப் போனாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது உன் பழைய போனில்தான் இருக்கும்.

லீவு கேட்டு ஓடி வராதே. அத்தைக்கு ஏதாவது செய்ய நினைத்தால் அம்மா கணக்கில் போடு. நேரே கொடுத்தால் வாங்க மாட்டாள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்தார், அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் போனை மட்டும் தேடு. திறக்காவிட்டால் கடையில் கொடுத்தாவது எடு. நடுவில் யாராவது இருமினாலும் பேசினாலும் வெட்டாமல் முழுசாக அனுப்பு. ஆடி முதல் செவ்வாய்க்குள் அவன் வாயில் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா