ஸ்டெம் செல் ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

முறிந்து மாதக்கணக்கில் கூடாத எலும்பு, நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை (பிற அணுக்களாக மாறவல்ல மூல அணுக்களை) ஊசியாகப் போட்டால் கூடிவிடும் என்று செய்திகள் வருகின்றன. எந்த எலும்புக்கு அது பலிக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

எக்ஸ்ரேயில் முறிந்த முனைகள் யானைக்கால் போலப் பருத்திருந்தால் அங்கே எலும்பை உருவாக்கும் உயிரணுக்களுக்குப் பஞ்சமில்லை. எலும்பு அசைவதுதான் கோளாறு. எலும்புக்குள் வைத்த கம்பி தளர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். முனைகள் மெலிந்து, புது எலும்பே துளிர்க்காத இடத்தில்தான் மஜ்ஜை அணுக்களுக்கு வேலை. அங்கும் எலும்பு ஆடாமல் இருக்க வேண்டும்; பெரிய இடைவெளியோ கோணலோ இருக்கக் கூடாது. கிருமித்தொற்று இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் திசு எடுத்து, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் பார்ப்பதே முறை.

அடுத்தது மஜ்ஜை எடுக்கும் விதம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தோய்ந்த 10 மி.லி. சிரிஞ்சால் இடுப்பெலும்பின் ஒரு புள்ளியில் 2 முதல் 4 மி.லி. வரைதான் உறிஞ்ச வேண்டும். பிறகு ஊசியைத் திருப்பி, நகர்த்தி, அடுத்த புள்ளி. அவசரப்பட்டு ஒரே இடத்தில் 20 மி.லி. இழுத்தால் வருவது பெரும்பாலும் வெறும் ரத்தம். இப்படிச் சேர்த்த சுமார் 300 மி.லி.யைச் சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்சிக் கருவியில் சுற்றி 50 மி.லி.யாகச் செறிவூட்டி, அதில் 20 மி.லி. அளவை எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முறிவின் இடுக்கிலும் முனைகளைச் சுற்றியும் மெதுவாகச் செலுத்துவார்கள்.

பிரான்சில் எலும்பு மருத்துவர் எர்னிகுவின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்க்கால் எலும்பு கூடாத 60 பேரில் 53 பேருக்குக் கூடியது. கூடாத 7 பேருக்குச் செலுத்திய மஜ்ஜையில் முன்னோடி அணுக்களின் (எலும்பு அணுக்களாக மாறக்கூடியவை) செறிவும் மொத்த எண்ணிக்கையும் குறைவு. ஆகவே எத்தனை மி.லி. போட்டார்கள் என்று கேட்பதில் பயனில்லை; எத்தனை அணுக்கள் போயின என்று கேளுங்கள்.

இன்னொன்று: அன்றே எடுத்து அன்றே செலுத்தும் இந்த மஜ்ஜைச் செறிவில் உண்மையான ஸ்டெம் செல் மிகச் சொற்பம். ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கிய அணுக்கள் வேறு சிகிச்சை. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கின்றன. புகைபிடிப்பதை நிறுத்தாமல், சர்க்கரையையும் வைட்டமின் டி குறைவையும் சரிசெய்யாமல் இந்த ஊசிக்குப் பணம் கேட்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓர் எலும்பு மருத்துவர்