புற்றுநோயிலிருந்து குணமான சிறுநீரக நோயாளிகளின் காத்திருப்பு மூப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மனைவி,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்போர் பட்டியல் – புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்கிய நாள் முதல் மூப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவருக்கு வயது 48. நெடுநாள் சர்க்கரை நோயாளி. சிறுநீரகம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று பார்க்க 2022-இல் எடுத்த ஸ்கேனில், இடது சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. கட்டி தற்செயலாகத் தெரிந்தது. புற்றுநோய் என்று அந்தச் சிறுநீரகத்தையே அகற்றினார்கள். கட்டி சிறுநீரகத்தைத் தாண்டவில்லை என்றது பயாப்சி அறிக்கை. கீமோதெரபி, கதிர்வீச்சு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே நலிந்திருந்த வலது சிறுநீரகத்தால் தனியே தாக்குப்பிடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் எங்கள் வீடு என்றோ கைமாறியிருக்கும். நிதியுதவி கேட்டு இந்த மனுவை எழுதவில்லை.

சட்டம் அனுமதிக்கும் நெருங்கிய உறவினர்களில் அவருக்குச் சிறுநீரகம் கொடுக்கக்கூடியவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எனக்கும் சர்க்கரை நோய் உண்டு. மாமியாருக்கு வயது 74. மகளுக்கு இன்னும் 18 நிறையவில்லை. நிறைந்தாலும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கமாட்டார். ஆகவே, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனமுவந்து தரும் சிறுநீரகம்தான் எங்களுக்கு உள்ள ஒரே வழி.

அதற்காக நாங்கள் அணுகிய மருத்துவமனையில், "புற்றுநோய் வந்தவர்; ஐந்து ஆண்டு கழித்து வாருங்கள், அப்போது பதிவு செய்யலாம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கேட்டும் கிடைக்கவில்லை.

காத்திருக்கச் சொல்வதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமலிருக்கத் தரும் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை; எங்காவது ஒளிந்திருக்கும் புற்றுநோய் அந்த இடைவெளியில் தலைதூக்கலாம். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே கெடு என்பது எந்த மருத்துவம்? சிறுநீரக நோய்களுக்கான பன்னாட்டு அமைப்பான கேடிகோ 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோயின் வகையையும் நிலையையும் பார்த்துக் கெடுவைப் பிரிக்கிறது. தற்செயலாகக் கண்டறியப்பட்ட, 3 செ.மீ.க்குக் குறைவான சிறுநீரகக் கட்டிக்குக் காத்திருப்பே வேண்டாம் என்கிறது. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, முற்றியதற்குத்தான் ஐந்து. என் கணவரின் அறிக்கையை யாரும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சரி, மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்து, ஐந்து ஆண்டுதான் என்றே முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகு பதிவு செய்தால் அன்றுதான் அவர் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். டயாலிசிஸில் கழிந்த ஆண்டுகள் கணக்கில் வராமலே போய்விடும். டயாலிசிஸ் நீள நீள இதயமும் இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. முறை வரும்போது அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல் இருக்குமா என்பதே என் அச்சம். அமெரிக்காவில் 2014 டிசம்பர் முதல், எப்போது பதிவு செய்தாலும் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காத்திருப்பைக் கணக்கிடுகிறார்கள். உறுப்புக் கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023-இல் அறிவித்த நம் மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல.

எனவே, புற்றுநோய் சிகிச்சை முடித்த சிறுநீரக நோயாளிகளை 'இப்போதைக்குத் தகுதியில்லை' என்ற குறிப்புடனாவது உடனே பட்டியலில் பதியவும், புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் கிடைத்ததும் டயாலிசிஸ் தொடங்கிய நாள் முதல் மூப்பு அளிக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவை மறுக்கும் மருத்துவமனை அதற்கான காரணத்தையும், மறுபடி எப்போது பரிசீலிக்கும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும் என்றும் உத்தரவிட வேண்டுகிறேன். ஏற்கெனவே வரிசையில் நிற்கும் எவருடைய முறையையும் பறிக்க நான் கேட்கவில்லை. என் கணவர் உண்மையில் காத்திருந்த காலம் காத்திருப்பாக எழுதப்பட்டால் போதும்.

பயாப்சி அறிக்கை, அண்மை ஸ்கேன் முடிவு, டயாலிசிஸ் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அவருடைய அறிக்கைகளைச் சிறுநீரக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் அடங்கிய குழு ஒன்று நேரில் பரிசீலிக்க ஏற்பாடு செய்தால், எந்த ஊருக்கு அழைத்தாலும் டயாலிசிஸ் இல்லாத நாளில் அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)