வாலுவுக்கு ஒரு கடிதம்

அன்பு வாலுவுக்கு,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் நடக்கிறான். பெரியவள் வாயாடுவதில் உன்னை மிஞ்சிவிடுவாள் போலிருக்கிறது.

போன தடவை தாம்பத்யப் பேச்சு வந்தபோது, “எனக்கு அந்த ஆசையே செத்துப்போச்சுடி” என்றாய். நான் சட்டென்று நம்ம ‘குட்டை’யின் கல்யாணக் கதைக்குப் பேச்சைத் திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது, வாலு. வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன்.

அவர் பக்கத்தில் வருவார். என் மனசு, பெரியவளின் காய்ச்சல் குறைந்ததா, தொங்குகிற வயிறு தெரிகிறதா, முகத்தில் சலிப்பு தெரிந்துவிடுமா என்று ஓடும். கட்டிலில் படுத்திருப்பவளை மூலையில் நின்று நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-லேயே இந்த வேடிக்கை பார்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தெரிந்ததும் அழுதுவிட்டேன். எனக்கு மட்டும் வந்த கோளாறு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

கடைசியில் ஓர் ஆலோசகரிடம் போனேன். அந்த அம்மா முதல் நாளே கையில் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்தார். சுருக்கங்களைப் பார், விரலால் உருட்டு, முகர், நாக்கில் வை, உடனே கடிக்காதே என்றார். ஒரு திராட்சைக்கு ஐந்து நிமிடம். மனசு நழுவினால் திட்டாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இதைத்தான் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள். லோரி ப்ரோட்டோ என்ற கனடா உளவியலாளர், புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு பாலியல் கிளர்ச்சியே இல்லாமல் போன பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் ஆசை குறைந்த மற்றப் பெண்களுக்கும் விரிந்தது.

வீட்டுப்பாடமும் உண்டு. முதுகை மட்டும் அவர் தடவ வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது, இருவருக்கும் அதுதான் விதி. “அடுத்து என்ன” என்ற கேள்வியே இல்லாததால் முதல் தடவையாக அவர் உள்ளங்கையின் சூடு எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. பதினொரு வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை!

ஆசை முதலில் வந்தால்தான் எல்லாம் சரி என்று நமக்கு யார் சொன்னது? பல பெண்களுக்கு நெருக்கமும் தொடுதலும் முதலில், ஆசை பின்னால்தான் வரும் என்று ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-த்தில் விளக்கியிருக்கிறார். உன்னுடையது செத்துப்போகவில்லை, வாலு. கடைசியில் வருகிற ஆசையாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று. எரிச்சலும் வலியும் இருக்கிறது என்று இடையில் முணுமுணுத்தாயே, அதற்கு இந்தத் திராட்சை வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைக் கவனிப்பது பயிற்சியே இல்லை. முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார். பாலூட்டும்போதும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பில் வறட்சி வரும், அதற்கு வைத்தியம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாயே, சிலவகை மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். அதையும் கேள், ஆனால் நீயாக நிறுத்திவிடாதே. இன்னொன்று, தொடும்போது உடம்பு தானாக நனைந்தால் மனசும் சம்மதித்ததாக அர்த்தம் இல்லை. உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் யாருக்கும் நீ கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம்கூட நடுவில் பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. அவரிடமே சொன்னேன், இருவரும் சிரித்தோம், அப்புறம் மூச்சைக் கவனிக்கத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நீ பேசு, நான் கேட்கிறேன். குட்டையின் பேச்சை எடுக்கவே மாட்டேன்.

உன்
பெஞ்சுக்காரி